அடுப்படியில் ஒரு டால்

மாலக்கி சின்ன அறைக்குக் குடிவந்தது இரண்டே வாரத்துக்குத்தான். வேறு வீடு பார்க்கும்வரை என்றான்; ஈஸ்டரே வந்தும் கிளம்பவில்லை. அந்த அறையில் மேசை போட்டு நூலகர் தேர்வுக்குப் படிக்க வேண்டிய டெர்வ்லா, இஸ்திரிப் பலகைமேல் புத்தகத்தை விரித்துக்கொண்டிருந்தாள். அவன் கணவனின் தம்பி. "கிளம்பு" என்று முகத்துக்கு நேரே சொல்லவும் வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் அறிவித்தாள்: "இனிமே இந்த வீட்ல எல்லாமே ஓட்டுப் போட்டுத்தான். இது நம்ம டால்."

"டாலா?" கணவன் டோனல் சிரித்தான். "அந்த வார்த்தைக்கு ஐரிஷ்ல சும்மா கூட்டம்னுதான் அர்த்தம். டப்ளின்ல கூடினா அது நாடாளுமன்றம், நாட்டை ஆளும். இங்க கூடினா உருளைக்கிழங்கு தீரும், அவ்வளவுதான்."

"அங்க என்ன விதியோ அதேதான் இங்கயும். முதல் தீர்மானம், மாலக்கி அறையைக் காலி பண்ணணும்."

மாலக்கி எழுந்தான். "அண்ணி, இந்த மாண்புமிகு சபையில..."

மழையில் ஆரம்பித்தான். மாட்டு விலைக்குப் போனான். அங்கிருந்து ஏதோ பழைய பேருந்து வேலைநிறுத்தத்துக்குத் தாவினான். டிவியில் ஆட்டம் தொடங்கியதும் டோனலும் மகன் ரூவானும் நழுவினார்கள். ஆளில்லாத சபையில் தீர்மானம் செத்தது.

அடுத்த ஞாயிறு டெர்வ்லா தயாராக வந்தாள்.

"மாலக்கி, நீதான் சபாநாயகர்."

"ஐயோ அண்ணி, எனக்கு எதுக்கு அந்தப் பெருமை?"

"சபாநாயகர் விவாதத்துல பேசக்கூடாது. ரெண்டு பக்கமும் சமமா நின்னாலொழிய, ஓட்டும் போடக்கூடாது."

பாவம், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

மகள் லீடன் அம்மா பக்கம் கை தூக்கினாள். டோனல் தம்பி பக்கம்.

"ரூவான், நீ?"

"சித்தப்பா போயிட்டா என்னை ஹர்லிங் பயிற்சிக்கு யாரும்மா கூட்டிட்டுப் போவா?"

இரண்டுக்கு இரண்டு. மாலக்கி மரக்கரண்டியால் மேசையைத் தட்டினான்.

"சமமா நின்னா, இருக்கறது இருக்கறபடியே இருக்கட்டும்னு ஓட்டுப் போடறதுதான் சபாநாயகர் மரபு. மனசு கேக்கல அண்ணி. ஆனா மரபு!"

டெர்வ்லா ஏப்ரனைக் கழற்றி வீசினாள். "டாலைக் கலைக்கிறேன்! பொதுத்தேர்தல்! நாம அஞ்சு பேர், நாலே இடம். தோத்தவங்க பெட்டியைக் கட்டணும்!"

"யாரா இருந்தாலுமா?" என்றான் டோனல்.

"யாரா இருந்தாலும்!"

அந்த வாரம் அவள் புத்தகத்தைத் தொடவில்லை. ரூவானுக்குப் புது ஹர்லிங் மட்டை. பயிற்சிக்குத் தானே கார் ஓட்டினாள், கொட்டும் மழையில். டோனலுக்குத் தினமும் ஆப்பிள் டார்ட். மாலக்கிக்கு ஓட்டுப் போடுவதில்லை என்று சனிக்கிழமை இரண்டு பேரும் சத்தியம் செய்துவிட்டார்கள்.

ஞாயிறு. ஓட்டுப்பெட்டியாகத் தேநீர்க் குடுவை நடுவில் இருந்தது. மாலக்கி மட்டும் அமைதியாக ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"வேட்பாளர் பேரை எழுது, லீடன்," டெர்வ்லாவின் குரலில் வெற்றி துள்ளியது. "முதல்ல மாலக்கி."

லீடன் பேனாவைத் திறக்கவேயில்லை.

"நீ சொன்ன டப்ளின் விதிப்படி, பழைய சபாநாயகர் தேர்தல்ல நிக்கவே வேண்டாம்மா, தானாவே உள்ள வந்துடுவார், மீதி மூணு இடத்துக்குத்தான் நாம நாலு பேர்; அந்தப் பதவியை நீயே குடுக்கணும்னுதானே சித்தப்பா அன்னிக்கு அப்படி ஓயாம பேசினார்!"