பருப்புப் பானைக்குள் குறுக்கெழுத்து

திருமயம்,
9-9-1941.

குன்றாண்டார்கோவில் மாஜி ஹெட் கான்ஸ்டபிள், மைத்துனன் சிரஞ்சீவி வீரய்யாவுக்கு அத்தான் ஆத்மநாதன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் என்னைத் தவிர எல்லோரும் சுகம். உன் வீட்டார் சுகத்துக்கும் பசுமாட்டின் சுகத்துக்கும் பதில் போடவும்.

நிற்க. உன் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையைப் பரிசாரகன் என்று எண்ணி இன்னொரு கரண்டி ரசம் கேட்டேன் அல்லவா, அதன் பிறகு புதுக்கோட்டை டாக்டரிடம் போனேன். அவர், "தாலுக்காக் கச்சேரி வேலையிலேருந்து ஓஞ்சதும் மூளைக்கு வேலை இல்லாமப் போச்சுங்க. வாரப் பத்திரிகையில குறுக்கெழுத்து வருதுல்ல, அதப் போடுங்க, மழுங்காது" என்றார். சந்தா கட்டினேன். முதல் மாதம் சரியாகத்தான் போயிற்று. பிறகுதான் மர்மம் ஆரம்பித்தது. சாப்பிட்டுவிட்டு ஒரு கண் அயர்ந்து எழுந்து பார்த்தால், நான் விட்டுவைத்த கட்டங்களில் யாரோ பென்சிலால் எழுதியிருக்கிறார்கள்! அதோடு நான் எழுதியதை அடித்துத் திருத்தியும் இருக்கிறார்கள். "வீட்டுக்கு அவசியம், நான்கு எழுத்து" என்று கேட்டிருந்தது. நான் "நிம்மதி" என்று போட்டேன். திருடன் "அடுப்பு" என்று திருத்தினான். மறுவாரம் விடை வந்தது. அடுப்புதான்.

என் சந்தேகமெல்லாம் துணிக்கடை ஷேக் தாவூது மேல் விழுந்தது. முப்பது வருஷச் சிநேகிதன்தான், ஆனாலும் தபால்காரன் பத்திரிகையை அவன் கடையில்தான் கொடுத்துவிட்டுப் போவான், அவன் காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கிறது. உன்னைப் போன்ற போலீஸ்காரனுக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? நேரே கடைத்தெருவுக்குப் போய், நாலு பேர் பார்க்க, "காதுல இருக்குற பென்சிலக் கொடுய்யா" என்றேன். அவன், "எனக்குத் துணி கிழிக்கவே நேரமில்ல, ஒங்க கட்டத்துக்கு நான் எழுத்து நெரப்ப வாரேனாக்கும்? இனிமே இங்கிட்டு வராதீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. நடிப்பு என்றே முடிவு கட்டினேன். அவன் சம்சாரம் ரமீஜா மத்தியானந்தோறும் நம் வீட்டுக்கு வருவாள், அவளும் நின்றுவிட்டாள். அன்று முதல் உன் அக்காள் உண்ணாமலை என்னோடு பேசுவதில்லை. குழம்பு உப்புக் கரிக்கிறது.

நான் விடுவேனா? இப்போது தபாலாபீசுக்கு நானே போய்ப் பத்திரிகையை வாங்கி வருகிறேன். வெளி ஆண்பிள்ளை எவனும் நுழைய முடியாத இடம் சமையற்கட்டுதான் என்று, அதைப் பருப்புப் பானைக்குள் ஒளித்துவைத்தேன். நேற்று எடுத்துப் பார்த்தால் பாதிக் கட்டம் நிரம்பியிருக்கிறது! உன் அக்காளுக்கோ எழுத்து வாசனையே கிடையாது. ஆகையால் நீ முதல் பஸ்ஸில் வந்து, வீட்டிலேயே தங்கி, விசாரணை நடத்தவும். லத்தி இருந்தால் கொண்டுவரவும்.

சத்தியகிரீஸ்வரர் உங்களைக் காப்பாராக. பெரியவர்களுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
ஆத்மநாதன்.

பின்குறிப்பு: வர வேண்டாம். கடிதத்தை மடிக்குமுன் உண்ணாமலை மோர் கொண்டுவந்து, குனிந்து பார்த்து, "கொழம்பு உப்புக் கரிக்குதுன்னு தம்பிக்கு எழுதுறீங்களாக்கும்?" என்றாள். நான் வாய்விட்டுப் படிக்கவே இல்லை, வீரய்யா! ரமீஜாதான் இரண்டு வருஷமாக எழுத்துச் சொல்லிக்கொடுத்தாளாம். இருவரும் பல்லாங்குழி ஆடுகிறார்கள் என்றல்லவா நினைத்தேன். "ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றேன். "சொன்னாச் சிரிப்பீங்க" என்றாள். சிரித்துத்தான் இருப்பேன்.

இந்த வாரம் ஒரு கட்டம் எனக்கு வரவில்லை. அவளுக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன் என்கிறாள். "மொதல்ல தாவூது அண்ணங்கிட்ட மன்னிப்புக் கேளுங்க. நாளைக்கு ரமீஜா இங்க வரட்டும், அப்பறம் சொல்றேன்" என்கிறாள். பத்திரிகைப் போட்டிக்கு விடை அனுப்ப நாளைத் தபால்தான் கடைசி. கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டேன்.