உங்கள் கை படாமல் வாங்கிய கலவை மெஷின்

மதிப்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன், அதாவது உங்கள் அத்தான், எழுதுவது. இங்கே உங்கள் அக்கா நலமாக இருக்கிறாள். நானும் நலம் என்றுதான் அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் நலத்தையும் உங்கள் மெக்கானிக் பட்டறையின் நலத்தையும் அறிய ஆவல். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. செங்கல் லாரி டிரைவர் இன்று மதியம் உங்கள் பக்கம் வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

எட்டு மாதத்துக்கு முன் நான் ஒரு பழைய சிமென்ட் கலவை மெஷின் வாங்கினேன். பெயின்டின் பளபளப்பைப் பார்த்து ஏமாந்தேன், ஒப்புக்கொள்கிறேன். வேலை தொடங்கிய அரை மணி நேரத்தில் டிரம் கழன்று உருண்டுபோய் வீட்டுக்காரரின் சைக்கிள் மேல் உட்கார்ந்துகொண்டது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் வந்து பார்த்துவிட்டு, என் ஆட்கள் அத்தனை பேரும் நிற்கும்போது, "அத்தான், செங்கல்லைப் பத்தி நீங்க சொல்லுங்க, கைகட்டிக் கேக்கறேன். இன்ஜினைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதீங்க" என்று சொன்னீர்களே, அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு. உங்கள் கை படாமல் ஒரு மெஷினை வாங்கி ஓட்டிக் காட்டுகிறேன், அதுவரை என் வாசற்படி மிதிக்க வேண்டாம் என்று சொன்னேன். நீங்களும் பிடிவாதமாக மிதிக்காமலே இருந்துவிட்டீர்கள். உங்கள் அக்கா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் ஏதாவது கேட்டால் அடுப்பைப் பார்த்துப் பதில் சொல்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வருகிற திங்கட்கிழமை நான் ஒரு மாடி வீட்டுக்குத் தளம் போட வேண்டும். இருபது வருஷம் அடுத்தவரிடம் கொத்தனாராகக் கரண்டி பிடித்தவன், முதல்முறையாக என் பொறுப்பில் எடுத்திருக்கும் மாடி வீடு. கம்பி கட்டியாகிவிட்டது. தளம் என்றால் காலையில் தொடங்கி ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய வேலை. நடுவில் மெஷின் படுத்துவிட்டால் தளமும் போயிற்று, மானமும் போயிற்று, வீட்டுக்காரர் மீதி வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். வாடகை மெஷின்கள் எல்லாம் வேறு இடங்களுக்குப் போய்விட்டன. ஆகவே வாங்கியே தீருவது, புத்தியோடு வாங்குவது, உங்களைக் கேட்காமல் வாங்குவது என்று ஒரே நாளில் முடிவெடுத்தேன்.

முதல் இடத்தில் ஒரு தரகர். நான் போவதற்கு முன்பே மெஷினை ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தார். ஆறிப்போன இன்ஜின் கிளம்புகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை, சூடான இன்ஜின் யார் தொட்டாலும் கிளம்பும் என்பது எனக்குத் தெரியும். சூடாக இருக்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இருந்தது. இரண்டு நாள் இடது கையால் சாப்பிட்டேன். இரண்டாவது இடத்துக்கு ஒரு காந்தம் எடுத்துக்கொண்டு போனேன். டிரம்மில் ஓட்டை விழுந்து, அதன் மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருந்தால் அந்த இடத்தில் காந்தம் ஒட்டாதல்லவா? அந்த டிரம்மில் காந்தம் எங்கேயுமே ஒட்டவில்லை. காந்தத்தில்தான் கோளாறு என்று விற்பவர் சாதித்தார். நான் விடவில்லை, அவர் இரும்பு மேஜை, இரும்பு நாற்காலி, பீரோ என்று ஒவ்வொன்றிலும் ஒட்டிக் காட்டினேன். எல்லாவற்றிலும் ஒட்டியது. கடைசியில் அவர் என்னை வெளியே கொண்டுபோய் விட்டார்.

மூன்றாவது இடத்தில் நடந்ததை உங்கள் அக்கா உங்களுக்கு முன்பே சொல்லியிருப்பாள், ஆனால் அவள் சொன்ன விதத்தில் நம்பாதீர்கள். வெறும் டிரம் சுற்றுவதைப் பார்த்து யாராவது மெஷின் வாங்குவார்களா? அதனால் என் செலவிலேயே மணல், ஜல்லி, சிமென்ட் கொண்டுபோய் ஒரு டிரம் கலவை போட்டுப் பார்த்தேன். கலவை அரைகுறையாகத்தான் வந்தது, மெஷின் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அப்போது அந்தக் கிடங்குக்காரர் வழியை மறித்து, போட்ட கலவையை யார் அள்ளுவது என்று கேட்டார். அதுவரை நான் அதை யோசிக்கவில்லை. அவர் வாசலிலேயே கொட்டிப் பரப்பச் சொன்னார். பரப்பினேன். ஆனால் மேடு பள்ளமாக விட்டுவிட்டு வர என் கை கேட்குமா? மட்டப்பலகை வாங்கி மட்டம் பார்த்து, வழவழவென்று தேய்த்து, தண்ணீர் ஓடுவதற்கு வாட்டமும் கொடுத்துவிட்டு வந்தேன். கிடங்குக்காரர் கூலி தரவில்லை. பக்கத்துக் கடைக்காரரும் ஒரு பழைய மெஷின் இருப்பதாகச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். அவர் வாசலும் மண் தரையாக இருந்ததால் நான் போகவில்லை.

நான்காவதுதான் நம்முடையது. வேலையை விட்டு ஓய்வெடுக்கப் போகும் ஒரு பெரியவர். சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலையில் போய் நின்றேன். இன்ஜின் ஜில்லென்று இருந்தது. ஹேண்டிலை ஒரே ஒரு சுற்று சுற்றினேன், கிளம்பிவிட்டது. ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டேன், புகையைப் பார்த்தேன். அப்புறம் இன்ஜினில் வெட்டிய எண்ணைக் குறித்துக்கொண்டு உள்ளே போய், அதுவும் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். திரும்பி வந்து, நின்றிருந்த பல்சக்கரத்தில் ஒவ்வொரு பல்லுக்கும் சாக்பீஸில் கோடு போட்டு எண்ணினேன், ஒன்றுகூட உடையவில்லை. டிரம்முக்குள் தலையை விட்டு உள்தகடுகளைத் தட்டிப் பார்த்தேன். காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. பெரியவர் அசந்துபோய், "தம்பி, நான் பொண்ணு பாக்கப் போனப்பகூட இவ்வளவு பாக்கலை" என்றார். நேற்று மாலை மெஷின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வாசல் முற்றத்தில் கம்பீரமாக நிற்கிறது.

ஆகவே மாப்பிள்ளை, தங்கள் உதவி தேவைப்படவில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை நீங்கள் வர வேண்டியதில்லை. தளம் முடிந்தபின் வேண்டுமானால் ஒரு நாள் வந்து, தூர நின்று பார்த்துவிட்டுப் போகலாம். உங்கள் பட்டறை செழிக்கட்டும், உங்கள் வாய்த்துடுக்கு குறையட்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
இன்ஜினைப் பற்றியும் வாய் திறக்கக்கூடிய,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: மேலே கையெழுத்துப் போட்டுவிட்டு, உங்கள் அக்காவுக்கு ஓட்டிக் காட்டலாம் என்று மெஷினைக் கிளப்பினேன். ஒரே சுற்றில் கிளம்பியது. இரண்டு மணி நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்தும் கம்பியை இழுத்தேன், அது கையோடு வந்துவிட்டது. டீசல் வரும் திருகை மூடினேன், அது எந்தப் பக்கம் திருப்பினாலும் சும்மா சுற்றுகிறது. கிளம்புகிறதா என்று பார்த்த எனக்கு, நிற்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. பெரியவர் அதை எப்படி நிறுத்தினார் என்று தெரியாது, அப்போது நான் உள்ளே எழுத்தெழுத்தாகப் பத்திரம் படித்துக்கொண்டிருந்தேன். பேரம் பேசி டேங்க் நிறைய டீசல் வாங்கி வந்ததும் நானேதான். சற்று முன் உங்களுக்கு ஒரு போன் வந்து, வெறும் இரைச்சல் கேட்டு வைத்துவிட்டீர்களே, அது நான். தெருமுனைக்குப் போய்ப் பேசலாம் என்றால், மெஷின் ஆடி ஆடி எதிர்வீட்டை நோக்கி நகர்கிறது. சக்கரத்துக்கு முன்னால் கல்லை வைத்து, கல் மேல் காலை வைத்து, முழங்காலில் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து இப்படி ஆடுவதைக் கண்டு நான் அழுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

வர வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இதே லாரியில் ஏறி வாருங்கள். உங்கள் அக்கா என்னைக் கேட்காமலே உங்களுக்கும் சேர்த்துச் சமைக்க ஆரம்பித்துவிட்டாள். நீங்கள் வருவதற்குள் டீசல் தீர்ந்து இது தானாக நின்றுபோனாலும் பாதி வழியில் திரும்பிவிடாதீர்கள், மாப்பிள்ளை. மெஷினுக்காக மட்டும் கூப்பிடவில்லை.