எண்பத்து நான்கு பக்கங்களுக்கு ஒரு வாசகர்

இடது கையால் கையெழுத்துப் போடுவது இத்தனை பெரிய பாடு என்று அறிக்கைக்காரருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று இரவல் சீட்டுகள் கிழிபட்டுக் குப்பைக்கூடைக்குப் போயின. நான்காவதில் ஒருவழியாக ஒரு வெளிநாட்டுப் பேராசிரியரின் கையெழுத்து வந்து விழுந்தது. அப்படி ஒரு பேராசிரியர் உலகத்தில் எந்த மூலையிலும் கிடையாது.

எல்லாம் காலையில் வந்த சுற்றறிக்கையின் வேலை. ஐந்து வருடமாக யாரும் கேட்காத அறிக்கைகளைப் பட்டியலிலிருந்து நீக்கிக் காகித ஆலைக்கு அனுப்பவேண்டும் என்று புதிய இயக்குநர் உத்தரவு போட்டிருந்தார்.

அறிக்கைக்காரரின் ராஜ்ஜியம் அந்த ஆராய்ச்சி நிலையத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. எந்தப் பதிப்பகமும் அச்சிடாத, எந்த ஆய்விதழும் ஏற்றுக்கொள்ளாத சரக்கு முழுக்க அங்கேதான் அடைக்கலம். பாதியில் நிதி நின்றுபோன திட்டங்களின் முடிவுகள், கருத்தரங்கில் ஒரே ஒருமுறை வாசித்துக் கைதட்டு வாங்கிய கட்டுரைகள், வீடு வீடாகப் போய் எழுதிய கள ஆய்வுகள். இந்த வகைக்கு உலகமெங்கும் 'சாம்பல் இலக்கியம்' என்று பெயராம். இயக்குநர் முதல் கூட்டத்திலேயே சொன்னார். இருபத்தாறு வருடமாகத் தூசி தட்டிக் காப்பாற்றியவற்றுக்கு அந்தப் பெயரா என்று அறிக்கைக்காரருக்குச் சுருக்கென்றது.

கேட்டு வருபவர்கள் மேலே கவுன்ட்டரோடு சரி. அங்கிருந்து சீட்டு மட்டும் கீழே இறங்கி வரும். இவர் எடுத்து அனுப்புவார். ஆள் முகத்தைப் பார்த்ததே இல்லை.

நான்காவது அலமாரி, இரண்டாவது தட்டில் இருந்தது அவர் மனைவியின் அறிக்கை. 'மருத்துவமனைச் சலவைக்கூடப் பெண்களின் கைப்புண்கள்.' எண்பத்து நான்கு பக்கம். அதே நிலையத்தில் ஒப்பந்தக் கள ஆய்வாளராக இருந்த அவள், இரண்டு வருடம் சலவைக்கூடம் சலவைக்கூடமாக ஏறி இறங்கி எழுதியது. இரண்டு ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. மூன்றாவதுக்கு அனுப்பும் முன்னால் நோய் வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அவள் போய் நாலு வருடம் ஆகிறது. அவள் போனதற்கு நிலையத்தில் ஓர் இரங்கல் கூட்டம் கிடையாது, அறிவிப்புப் பலகையில் ஒரு வரி கிடையாது. அடையாள அட்டையைத் திருப்பித் தரும்படி மட்டும் கடிதம் வந்தது.

அந்த அறிக்கையைக் கேட்டு ஓர் ஈ காக்கை வந்ததில்லை. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவர் இடது கையில் பேனாவை எடுத்தார்.

மறுநாள் காலையிலேயே அந்தச் சீட்டால் ஒரு தலைவலி வந்தது. வெளிநாட்டுப் பேராசிரியர் கேட்டிருக்கிறார் என்றால் அறிக்கை வெளிநாட்டுக்குப் போயாக வேண்டுமே. கவுன்ட்டர்க்காரர் பதிவேட்டில் 'இரவலில் உள்ளது' என்று முத்திரை குத்திவிட்டு, கூரியர் ரசீது எங்கே என்று கேட்டார்.

நல்லவேளை, மனைவியின் தம்பி கூரியர் ஆபீஸ் வைத்திருந்தான்.

"அத்தான், இதுக்கு ஏன் இவ்வளவு கூத்து? ஒரு ஜெராக்ஸ் எடுத்து வீட்டுல வச்சுக்கிட்டாப் போச்சு."

"வீட்டுல வச்சா அது வெறும் காகிதம் மாப்ளே. நம்பர் போட்டு அந்த ரூம்ல இருந்தாத்தான் அறிக்கை. அந்தக் கட்டடத்துலயே உங்கக்கா பேரு இருக்கிற ஒரே இடம் அந்தப் பட்டியல்தான்."

மைத்துனன் ரசீதைக் கிழித்துக் கொடுத்தான். கடல் கடந்து போகவேண்டிய அறிக்கை, பேருந்தில் ஏறி அறிக்கைக்காரர் வீட்டுக்கு வந்து, அவளுடைய புடவைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டது.

இரவல் கெடு மூன்று மாதம். கெடு முடியும்போது அதைத் திருப்பி வைத்தால் மறுபடி கேட்பாரற்றுக் கிடக்குமே என்று அவருக்குப் பயம். மைத்துனன் பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டாக்கி, "ஆராய்ச்சி முடியவில்லை, இன்னும் மூன்று மாதம் அனுமதிக்கவும்" என்று கேட்டு எழுதினான். அடுத்த மூன்று மாதத்துக்கும் அதே பாட்டு. நிலையத்தின் கணினி ஒவ்வொரு நீட்டிப்பையும் ஒரு புதுக் கோரிக்கையாக எண்ணும் என்று இருவருக்குமே தெரியாது.

மூன்றாம் வருட முடிவில் இயக்குநர் அவரை மேலே கூப்பிட்டார்.

"உக்காருங்க. நம்ம நிலையத்துலயே அதிகம் கேக்கப்பட்ட அறிக்கை எது தெரியுமா?"

"தெரியாது சார்."

"சலவைக்கூடம்! பன்னிரண்டு கோரிக்கை! அச்சான புத்தகத்துக்கே ஏழுதான். யாருய்யா இந்தப் பேராசிரியர்? இணையத்துல தேடிப் பாத்தேன், ஒரு வரி கெடைக்கலையே."

அறிக்கைக்காரருக்கு எங்கிருந்தோ பதில் வந்தது.

"அவர் எழுதினதெல்லாம் அச்சாகாத அறிக்கைகளாம் சார்."

"அடடா!" இயக்குநர் உருகிப்போனார். "சாம்பல் இலக்கியத்துக்கே வாழ்க்கையைக் குடுத்தவர்னு சொல்லுங்க. ஆண்டு விழாவுக்கு அவரைக் கூப்பிட்டுடுவோம்."

அறிக்கைக்காரர் அங்கிருந்து நேரே கூரியர் ஆபீசுக்கு ஓடினார்.

"வரமுடியாதுன்னு எழுதிடுவோம் அத்தான். உடம்பு சரியில்லைன்னு."

"சின்ன வியாதியாப் போடு. பாவம், நல்ல மனுஷன்."

சின்ன வியாதி போட்டால் குணமானதும் வரச்சொல்வார்களே என்று மைத்துனன் பெரிய வியாதியாகவே போட்டான். பதில் கண்டதும் இயக்குநர் மறுபடி மேலே கூப்பிட்டார். அவர் முகத்தில் கவலையும் பெருமையும் கலந்து இருந்தது.

"அடுத்த மாசம் அந்த ஊருல எனக்கு ஒரு கருத்தரங்கு இருக்கு. அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன். வார்டு நம்பர் மட்டும் கேட்டு வாங்குங்க."

அன்று மாலை கூரியர் ஆபீசில், அடுக்கிவைத்த பெட்டிகளுக்கு நடுவே இருவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"கொன்னுடலாம் அத்தான்" என்றான் மைத்துனன்.

"அய்யோ, வேண்டாம் மாப்ளே."

"வேற வழி? அவர் நேர்ல போயி நின்னா உங்க வேலையும் போகும், அக்கா அறிக்கையும் போகும்."

அறிக்கைக்காரருக்கு உண்மையாகவே துக்கமாக இருந்தது. மூன்று வருடமாக அவள் எழுதியதைத் திருப்பித் தர மனமில்லாமல் வைத்துக்கொண்டிருந்த ஒரே மனிதர் அந்தப் பேராசிரியர்தானே. பொய்யாக இருந்தால் என்ன, அவளுக்கென்று ஒரு வாசகர் இருந்தார்.

"வலியில்லாமப் போனாருன்னு எழுதுப்பா. தூக்கத்துலயே போனாருன்னு."

பேராசிரியர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அவர் வீட்டார் அறிக்கையைப் பத்திரமாகக் கூரியரில் அனுப்பிவைத்தார்கள். அது புடவைகளுக்கு நடுவிலிருந்து எழுந்து, அதே பேருந்தில் நிலையத்துக்குத் திரும்பி வந்தது. அத்தோடு தொல்லை விட்டது என்று அறிக்கைக்காரர் மூச்சு விடுவதற்குள், நிலையத்தின் வாசலில் பெரிய எழுத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பேராசிரியருக்கு இரங்கல் கூட்டம். அனைவரும் வருக.

கூட்ட அரங்கில் நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். மேஜையில் படம் வைக்க வழியில்லாததால் அறிக்கையையே நிறுத்திவைத்து மாலை போட்டார்கள். கணக்குப் பிரிவு, விடுதிக் காவலாளி, சும்மா போனவர் வந்தவர் என்று எல்லாரையும் பிடித்து வந்து உட்காரவைத்தும் கடைசி வரிசை காலியாகவே கிடந்தது. யாரோ ஒரு பெண் மட்டும் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தாள்.

கவுன்ட்டர்க்காரர் முதலில் பேசினார். "போன்ல ரெண்டு தடவை பேசியிருக்கேன். என்ன கணீர்னு ஒரு குரல்!"

கணக்குப் பிரிவுத் தலைவர் எழுந்து, தாமதக் கட்டணத்தை ஒருநாளும் பாக்கி வைக்காத மனிதர் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நானும் அவரும் ஒரு கருத்தரங்குல ஒரே மேஜையில சாப்பிட்டிருக்கோம்" என்றார் இயக்குநர். "அப்ப அவர் யாருன்னு எனக்குத் தெரியாது. இப்ப நெனைச்சுப் பாத்தா அவராத்தான் இருக்கணும்."

இல்லாத மனிதருக்கு இத்தனை சிநேகிதர்களா என்று அறிக்கைக்காரர் அசந்துபோனார். கிட்டத்தட்டச் சிரிப்பே வந்துவிட்டது. அப்போது அவரையும் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

அவர் எழுந்து நின்றார். எதிரே மாலை போட்ட அறிக்கை. அட்டையில் அவள் கைப்பட எழுதிய தலைப்பு. பேராசிரியரைப் பற்றி எழுதிவைத்திருந்த காகிதம் பையிலேயே இருந்துவிட்டது.

"அவங்களுக்கு இந்த அறிக்கைமேல எவ்வளவு பிரியம்னு எனக்குத்தான் தெரியும்" என்று ஆரம்பித்தார். "ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிச்சுப் பாப்பாங்க. நூத்தி எழுபது பொம்பளைங்க கையைப் பிடிச்சுப் பாத்து எழுதினது இது. சலவைச் சோடாவுல வெந்து, தோல் உரிஞ்ச கையி. ராத்திரி சோறு பெசைய முடியாம ஸ்பூன்ல சாப்பிடறாங்கன்னு நாற்பத்தோராம் பக்கத்துல இருக்கு. அந்த எடம் வந்தா மட்டும் அவங்களுக்குக் குரல் நின்னுடும். கடைசியா ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பக்கூட, அட்டவணை ஏழுல ஒரு கூட்டல் தப்பு இருக்கு, சரி பண்ணிடுங்கன்னாங்க. நான் சரின்னு தலையாட்டினேன். இன்னும் பண்ணலை. அவங்க எழுத்துமேல என் எழுத்தை வைக்க எனக்கு மனசு வரலை..."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. ஏழு வருடமாக அழாத அழுகை அத்தனையும் அந்த மேஜைமேல் கவிழ்ந்து வந்தது. கூட்டத்துக்கு வந்திருந்த மைத்துனன் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக்கொண்டான். அவனும் அழுதுகொண்டிருந்தான். பார்த்தவர்கள் எல்லாருக்கும் கண் கலங்கியது. ஒரு வாசகர்மேல் இப்படியும் பாசம் உண்டா என்று கணக்குப் பிரிவுத் தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

இயக்குநர் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தார்.

"இப்பவே ஒரு முடிவு பண்றேன். இந்த அறிக்கை இனிமே கீழ்த்தளத்துக்குப் போகாது. வாசல் கூடத்துல கண்ணாடிப் பெட்டி செஞ்சு, பேராசிரியர் நினைவா வச்சுப் பூட்டிடுவோம். யாருக்கும் இரவல் கிடையாது. காகித ஆலைங்கற பேச்சே கிடையாது!"

பெட்டிமேல் பேராசிரியரின் பெயர் பெரிதாக வருமாம், அதற்குக் கீழே சின்னதாக அவளுடைய பெயரும் வருமாம். அறிக்கைக்காரருக்கு அதுவே போதும். ஒப்பந்தக்காரி என்று அறிவிப்புப் பலகையில்கூட இடம் கொடுக்காத கட்டடத்தில், நுழைகிறவர் எல்லாரும் அவள் பெயரைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். ஏழு வருடத்தில் முதல்முறையாக அவர் மனசு லேசானது.

"ஜெயிச்சுட்டோம் அத்தான்" என்று காதோடு சொன்னான் மைத்துனன்.

எல்லாரும் தேநீருக்குக் கலைந்தார்கள். மாலையை எடுத்துவிட்டு அறிக்கையின் அட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் இருந்த பெண் மேஜைக்கு அருகில் வந்து தயங்கி நின்றாள். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

"வாங்கம்மா. தேநீர் அங்க இருக்கு."

"வேண்டாம் சார். வாசல்ல நோட்டீஸ் பாத்தேன். அதான் வந்தேன்."

"பேராசிரியரை உங்களுக்குத் தெரியுமா?" என்றார் அவர். இவளும் ஒரு கதை சொல்லப்போகிறாள் என்று நினைத்தார்.

"பேரு மட்டுந்தான் சார் தெரியும். நான் சலவைக்கூடத்துல வேலை பாக்கறேன். கையுறை கேட்டு மனு போட இந்த அறிக்கை வேணும்னு மூணு வருஷமா வந்து கேக்கறோம், ஒவ்வொரு தடவையும் அவர் எடுத்துட்டுப் போயிருக்காருன்னுதான் மேல சொன்னாங்க. பெட்டியில வச்சுப் பூட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள் எங்களுக்குக் குடுப்பீங்களா?"