அடுசேயின் தொண்டை

இனிமேல் இந்த வீட்டில் பொடி ஃபூஃபூ கிடையாது என்று அடுசே அறிவித்தபோது, மதியம் ஆபீஸ் வாசல் கடையில் சாப்பிட்ட ஃப்ரைடு ரைஸும் கோழிக்காலும் அவன் வயிற்றில் நிம்மதியாகப் படுத்திருந்தன. அது வேறு விஷயம்.

"குமாசியில பொறந்தவன் நான். மரவள்ளியும் வாழைக்காயும் அவிச்சு உரல்ல இடிச்சாத்தான் ஃபூஃபூ. பாக்கெட்டைப் பிரிச்சு வெந்நீர்ல கிண்டுனா அதுக்குப் பேரு பசை. போஸ்டர் ஒட்டலாம்!"

மனைவி செர்வா சந்தையில் துணிக்கடையைப் பூட்டிவிட்டு, நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்த வேனிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யாரு இடிக்கிறது?"

"பொம்பளைங்கதான்."

"இந்த வீட்டுல பொம்பளைன்னு ஒருத்திதானே இருக்கேன்?"

"எனக்கு இடுப்பு சரியில்லையே, செர்வா."

"பதினோரு வருஷமாவா?"

அதை அடுசே காதில் வாங்கவில்லை. "ஏமாத்தலாம்னு நினைக்காதே. ஃபூஃபூவ மெல்லுறதில்ல, விழுங்குறது. பொடியா, இடிச்சதான்னு என் தொண்டை ஒரே விழுங்குல சொல்லிடும். அது ஏமாந்துச்சுன்னா, நானே உலக்கையப் பிடிக்கிறேன்!"

செர்வா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சரிங்க. பக்கத்து வீட்டு அப்ராஃபி இடிப்பா, நான் உக்காந்து புரட்டிக் குடுக்கறேன். நீங்க மட்டும் கொல்லைப் பக்கம் வரக்கூடாது. அவ கவனம் சிதறுனா உலக்கை என் விரல்ல விழும்."

மறுநாளிலிருந்து மாலையானால் கொல்லையில் 'தொம், தொம்' என்று சத்தம். அடுசே நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்பான். பிறகு நிலக்கடலைச் சாற்றில் தோய்த்து ஒரு வாய் விழுங்கிவிட்டு, "இது ஃபூஃபூ!" என்பான். அவன் தொண்டையின் புகழ் ஆபீஸ் முழுக்கப் பரவியது. பரப்பியவனும் அவன்தான்.

"இந்தக் காலத்துல யாருண்ணே இடிக்கிறாங்க? எங்க வீட்டுல நூடுல்ஸ்தான்" என்று பெருமூச்சு விட்டான் கூட வேலை பார்க்கும் போவாட்டெங்.

"ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் வீட்டுக்கு வா."

வந்தான். செர்வா அவன் முன்னால் ஃபூஃபூத் தட்டை வைத்தாள். கொல்லையில் தொம், தொம்.

"கேட்டியா? அப்ராஃபி கை பேசுது!" என்றான் அடுசே.

அதே நேரம் வாசலில் அப்ராஃபி தலையை நீட்டினாள். "செர்வாக்கா, கொஞ்சம் உப்பு இருக்கா?"

தொம், தொம்.

அடுசே அப்ராஃபியைப் பார்த்தான், செர்வாவைப் பார்த்தான். எழுந்து கொல்லைக்குப் போனான். உரல் காலி. அடியில் செர்வாவின் செல்போன் மட்டும் மும்முரமாக இடித்துக்கொண்டிருந்தது.

செர்வா பின்னாலேயே வந்தாள். "அப்ராஃபி ஒரு நாள் இடிச்சா. அதப் பதிவு பண்ணி வச்சேன்."

"மூணு வாரமும் பொடியா?"

"இருபத்திரெண்டு நாள். தினமும் பாராட்டுனீங்க. மனசு குளுந்து போச்சு."

அடுசே வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். "மெதுவாப் பேசு. நாளைக்கு ஆபீஸ்ல என் மானம் போயிடும். பொடியும் நல்லாத்தான் இருக்கு..."

"அதெல்லாம் இல்லீங்க. சொன்னா சொன்னதுதான்." மரவள்ளியும் வாழைக்காயும் ஏற்கெனவே வெந்து தயாராக இருந்தன. அவள் போனை நிறுத்தி எடுத்துவிட்டு, அவற்றை உரலில் போட்டு, முக்காலியில் உட்கார்ந்து கையை நனைத்துக்கொண்டாள்.

அடுசேக்கு ஒரு நப்பாசை பிறந்தது. அசல் சரக்கை ஒரு வாய் விழுங்கினால் போவாட்டெங்குக்கே வித்தியாசம் தெரிந்துவிடாதா? உலக்கையைத் தூக்கினான். உரலின் விளிம்பில் இரண்டு அடி, சுவரில் ஒன்று, மிச்சம் மாவில். "ஐயோ என் விரல்!" என்று செர்வா ஐந்து முறை கத்தினாள். உள்ளே அப்ராஃபி விருந்தாளிக்கு மறுபடியும் சாறு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அரை மணி நேரம் கழித்து, கொப்புளம் கண்ட கைகளில் இரண்டாவது தட்டை ஏந்தி வந்தான் அடுசே. போவாட்டெங் ஒரு வாய் விழுங்கினான். தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்து இறக்கினான்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இடிச்சதுன்னா முதல்ல வச்சதுதான். அது தீந்துடுச்சுன்னு சொல்லியிருக்கலாமே, எதுக்கு இந்தப் பொடியக் கிண்டிக் கொண்டு வந்தீங்க?"