குளிர் காத்த அலுவலகம்

“ஹீட்டரைப் போடுங்க.”

எங்கள் மலைநகரத்தில் ஒருவர் வாயிலிருந்து வரக்கூடாத வாக்கியம் இது ஒன்றுதான். கடவுளைத் திட்டலாம், தலைநகர் லிஸ்பனைத் திட்டலாம், மேயரின் மச்சினனைக்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டு திட்டலாம். ஹீட்டரை மட்டும் கேட்கக் கூடாது. நகரத்தின் எண்ணூறு ஆண்டு வரலாறு, பண்பாடு, பொருளாதாரம் மூன்றும் இந்த வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டதன் மேல்தான் எழுப்பப்பட்டிருக்கின்றன. அதை நான் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, பதினொரு ஓவர்கோட்டுகள் சுற்றி உட்கார்ந்திருந்த கூட்டத்தில் சொன்னேன். சொன்னதற்கான காரணங்களை முறைப்படி பதிவு செய்கிறேன்.

நான் வேலை பார்த்த இடம் ‘குளிர் மரபுப் பாதுகாப்பு அலுவலகம்’. எங்கள் குளிருக்கு ‘தேசிய மரபு’ முத்திரை வாங்குவது அதன் லட்சியம். முத்திரைக் குழுவுக்கு அனுப்ப, நகரத்தைப் பற்றி மூன்று அத்தியாயம் எழுத வேண்டியது என் பணி. நான் சமூகவியல் படித்தவள். எங்கள் வீட்டில் முதல் பட்டம். மூடிய கம்பளி ஆலை ஒன்றில்தான் பல்கலைக்கழகம் நடக்கிறது. அதே கட்டடத்தில் என் அம்மா செலஸ்தீனா இருபத்திரண்டு வருடம் துணியில் விட்டுப்போன இழைகளை ஊசியால் கோத்தார். அவருக்கு அந்தக் கட்டடம் மூட்டுவலியைக் கொடுத்தது. எனக்கு மூன்றே வருடத்தில் பட்டத்தைக் கொடுத்தது. கல்வியின் வேகம் அப்படி.

பட்டம் வாங்கியவரை ‘டாக்டர்’ என்று அழைப்பது எங்கள் நாட்டு வழக்கம். ஆலைக்காரியின் மகளை ‘பாப்பா’ என்று அழைப்பது எங்கள் அலுவலக வழக்கம்.

முதல் நாளே செயலாளர் இதலீனாம்மா, விரல் நுனி வெட்டிய கையுறை ஒன்றை எனக்குக் கொடுத்து, விதிகளைச் சொன்னார்.

“எது வேணா கேளு. லீவு கேளு, ஸ்டேப்ளர் கேளு. ஹீட்டர மட்டும் கேட்டுடாத.”

“ஏன்?”

“உனக்கு முன்னாடி இருந்தவ கேட்டா.”

“என்ன ஆச்சு?”

“இப்ப லக்ஸம்பர்க்ல இருக்கா.”

“ஐயோ பாவம்.”

“என்ன பாவம்? அங்க வீடு பூரா சூடாம். ஜனவரி மாசத்துல அரைக்கை சட்டையோட உக்காந்து சூப் குடிக்கிறாளாம். வெக்கங்கெட்டவ.”

சொல்லிவிட்டு இதலீனாம்மா வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர், என்ஜினியர் தியோதோசியு. அவர் இதுவரை எதையும் கட்டியதில்லை. ஆகவே அவர் கட்டிய எதுவும் இடிந்ததில்லை. அவர் மேசைக்குக் கீழே ஏதோ சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

“என்ஜினியர் சார், அது ஹீட்டரா?”

“சேச்சே. ஆவண ஈரப்பத நீக்கி, பாப்பா.”

“ஆவணம் எதையும் காணோமே?”

அவர் பூட்ஸைக் கழற்றி, இரண்டு கால்களையும் கருவிக்கு அருகே நீட்டினார். “முக்கால்வாசி என் தலைக்குள்ளதான் இருக்கு.”

நான் எழுதினேன். வரலாற்று அத்தியாயத்தில், “நாட்டின் சிப்பாய்களுக்கெல்லாம் கம்பளி உடுத்திய நகரம் இது, நெய்தவர்களுக்குப் போர்வை இல்லை” என்று ஒரு வரி. அவர் பேனாவை எடுத்து, “நெய்தவர்கள் குளிரைத் தமக்கென வைத்துக்கொண்டார்கள்” என்று மாற்றினார். பண்பாட்டு அத்தியாயத்தில், எங்கள் மக்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் கோட்டின் மேல் இன்னொரு கோட்டைப் போடுவார்கள் என்று எழுதியிருந்தேன். அதை ‘இரட்டை உபசாரம்’ என்று ஆக்கினார். பொருளாதார அத்தியாயத்துக்கு ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி இருந்தது, மாணவர்கள் இருந்தார்கள், சனிக்கிழமை பனி பார்க்க வருகிறவர்கள் இருந்தார்கள். இவர்கள் ஆளுக்கு இரண்டு பனி உருண்டை எறிந்துவிட்டு, சூடேற்றிய ஓட்டலுக்கு ஓடிவிடுவார்கள். குளிரைப் பார்க்கத்தான் காசு. அதில் படுப்பது எங்கள் இலவச சேவை.

அந்த அத்தியாயத்துக்குப் பழைய கோப்பு தேடிக் கீழ்த்தளக் கிடங்குக்குப் போனபோதுதான் அந்தப் பெட்டிகளைப் பார்த்தேன். நாற்பத்தெட்டுச் சுவர் ஹீட்டர்கள், பிரிக்காமல். ஆலைத் தொழிலாளர் குடியிருப்புக்கு அரசாங்கம் நான்கு வருடத்துக்கு முன் அனுப்பியவை. ஒவ்வொன்றிலும் வீட்டு எண், பெயர். ‘நான்காம் மாடி, இடது: செலஸ்தீனா.’

அம்மாவுக்கு அடுத்தடுத்து இரண்டு குளிர்காலம் நிமோனியா. “மூணாவது தடவை இங்க வராதீங்க,” என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். “வீட்டச் சூடா வெச்சுக்குங்க. இதுக்கு மருந்து என்கிட்ட இல்ல.”

மேலே ஓடினேன். “சார், எங்க பிளாக்குக்கு வந்த ஹீட்டரெல்லாம் கீழ கெடக்கு.”

“தெரியும்.”

“நாலு வருஷமாவா?”

“குளிரே இல்லாத வீட்டக் காட்டி எப்படி பாப்பா குளிருக்கு முத்திரை கேக்கறது? மொதல்ல முத்திரை வரட்டும்.”

“வந்ததும் மாட்டிடுவீங்களா?”

“வந்ததும் எப்படி மாட்டறது? மரபை அழிச்ச மாதிரி ஆயிடாதா?”

இவ்வளவு முழுமையான திட்டத்தை நான் பாடப்புத்தகத்தில்கூடப் படித்ததில்லை.

முத்திரைக் குழுவின் நிபுணர் லிஸ்பனிலிருந்து வந்தார். பார்வையிட ‘அசல்’ வீடு ஒன்று தேவைப்பட்டது. என்ஜினியர் எங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்தார். அம்மா படுக்கையில், இரண்டு ஸ்வெட்டரும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார். சுவர்மூலையில் பூஞ்சை கூரை வரை ஏறியிருந்தது. நிபுணர் அதைப் படம் எடுத்துக்கொண்டு, மரியாதையோடு கேட்டார்.

“இந்தக் குளிர் உங்களுக்கு என்னம்மா கொடுத்திருக்கு?”

“நிமோனியா, டாக்டரம்மா. ரெண்டு வாட்டி.”

என்ஜினியர் குறுக்கே வந்தார். “இங்க அப்படித்தான் சொல்லுவாங்க. பண்பாடு நுரையீரல் வரைக்கும் எறங்கிடுச்சுன்னு அர்த்தம்.”

நிபுணருக்குக் கண் கலங்கியது. எழுதிக்கொண்டார்.

அவர்கள் போனதும் அம்மா என்னைப் பார்த்தார். “நொயேமி, உன்னப் படிக்க வெச்சது இவங்களுக்கு எழுதித் தரவா?”

“ரெண்டு நாள் பொறு, மா.”

“பொறுக்கறேன். நெஞ்சு பொறுக்குமான்னு அதத்தான் கேக்கணும்.”

திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு அப்படித்தான் போனேன். மேசையில் ஒரே ஒரு தாள். ‘குடியிருப்பு மக்கள், மரபின் மீதுள்ள பற்றினால், ஹீட்டர்களைத் தாமாகவே மறுத்துவிட்டார்கள்.’ கீழே, பட்டம் பெற்ற அலுவலர் ஒருவரின் கையெழுத்துக்கு இடம். அது வந்தால் முத்திரை நிச்சயம் என்று லிஸ்பன் சொல்லியிருந்தது.

என்ஜினியர் பேனாவின் மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார். “கையெழுத்துப் போடுங்க, டாக்டர் நொயேமி. நாளையிலேருந்து நீங்க நிரந்தரம்.”

வேலைக்குச் சேர்ந்த ஆறு மாதத்தில் முதல் ‘டாக்டர்’. பதினொரு ஓவர்கோட்டுகளும் கைதட்டின; கையுறை போட்டிருந்ததால் சத்தம் வரவில்லை.

அப்போதுதான் சொன்னேன். “ஹீட்டரைப் போடுங்க.”

இதலீனாம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

“எங்க?” என்றார் என்ஜினியர்.

“நாப்பத்தெட்டு வீட்லயும்.”

“பாப்பா, இது உணர்ச்சிவசப்படற நேரமில்ல.”

“சரி சார். அப்ப தகவலா சொல்லிடறேன். கிடங்குலேருந்து பொருள் வெளிய போகணும்னா பட்டம் வாங்கின அலுவலர் கையெழுத்து வேணும். காலையில எட்டு மணிக்கே போட்டுட்டேன். ரொட்டிக்கடை வேன் ரெண்டு நடை போயிடுச்சு. மூணாவது நடைக்குப் பெட்டி ஏறிட்டிருக்கு.”

“கேக்காமலா?”

“கேட்டுட்டுச் செய்யணும்னு எங்கம்மா வளத்தாங்க. செஞ்சுட்டுக் கேக்கலாம்னு இந்த ஆபீஸ்லதான் கத்துக்கிட்டேன்.”

என்ஜினியர் தாளைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். “அப்ப உன் வேல?”

“வேண்டாம் சார்.”

“மூணாவது அத்தியாயம் முடியவே இல்லையே?”

“முடிச்சாச்சு. லிஸ்பனுக்கும் அனுப்பியாச்சு. கடைசி வரிய மட்டும் படிக்கறேன்.” எழுந்து நின்று படித்தேன்:

“மலை தருகிற குளிர் தெருவோடு நின்றுவிடும். வீட்டுக்குள் இருப்பது அலுவலகத் தயாரிப்பு. ஆலைகள் மூடிய பிறகு இந்நகரில் இடைவிடாமல் உற்பத்தியாகும் ஒரே சரக்கு அதுதான்.”

யாரும் திருத்தவில்லை. மப்ளரைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தேன். மலைக்காற்று மேசைத் தாளைக் கிளப்பிக்கொண்டு உள்ளே நுழைந்தது.

“கதவச் சாத்திட்டுப் போ பாப்பா,” என்றார் குளிர் மரபுப் பாதுகாப்புத் தலைவர். “குளுருது.”

மரபு தாராளமாக உள்ளே வரட்டும் என்று திறந்தே விட்டுவிட்டுப் படியிறங்கினேன்.