குழாயில் வென்ற கறுப்பு ராஸ்பெர்ரி

மனித குலம் மூப்பையும் பிணியையும் ஒரே மடக்கில் விழுங்கித் தீர்த்த நாள், எங்கள் கம்பெனியின் மாதாந்திரக் கூட்டம் நடந்த அந்தச் செவ்வாய்க்கிழமைதான். சரித்திரம் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அன்று ஏ.சி. வேலை செய்யாதது காரணமாக இருக்கலாம்.

எங்கள் தயாரிப்பு கறுப்பு ராஸ்பெர்ரிச் சாறு. அதில், மூப்பைத் தள்ளிப்போடும் என்று சொல்லப்படும் ஆன்டிஆக்சிடன்ட் இருக்கிறதா என்று ஆய்வுக்கூடத்து அம்மா சோதித்திருந்தார். கண்ணாடிக் குழாயில் ஊதா நிறத் திரவம். அதில் சாற்றைச் சொட்டு விட்டால் ஊதா வெளுத்து மஞ்சளாக வேண்டும். ஆனது. கைதட்டினோம்.

"அப்ப வியாதியெல்லாம் ஓடிடும்!" என்றார் மேனேஜர்.

"சார், குழாய்ல ஊதா போச்சு, அவ்வளவுதான். மனுஷங்க உடம்புல என்ன பண்ணும்னு நான் பார்க்கல."

"குழாய்லயே இந்தப் போடு போடுதே, மனுஷனைச் சும்மா விட்டுடுமா?"

மறுக்க முடியாத 'தர்க்கம்'. விளம்பர வாசகம் எழுதுவது என் வேலை. 'கண்ணாடிக் குழாயில் நடந்த சோதனையில் சிறப்பாகச் செயல்பட்டது' என்று எழுதி நீட்டினேன். மேனேஜர் லேபிளைப் பார்த்தார். பழத்தின் படமே முக்கால்வாசியை அடைத்திருந்தது.

"முதல் மூணு வார்த்தையைத் தூக்கிடுங்க. இடமில்ல."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஆய்வுக்கூடத்து அம்மாவின் ஆட்சேபணை 'கவனத்தில் கொள்ளப்பட்டது'. அதாவது, டீ வரவழைக்கப்பட்டது.

முதல் பெட்டியை என் அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னைப் படிக்க வைத்தவள் அவள். அதனாலோ என்னவோ, நான் எழுதும் எதையும் அப்படியே நம்பிவிடுவாள். பிரஷரை விட்டால் அவளுக்கு இருந்த ஒரே கோளாறு அது.

ஒரு மாதத்தில் சமையலறையில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் டாக்டர் கேட்டார்.

"பிரஷர் மாத்திரையை ஏம்மா நிறுத்தினீங்க?"

"அதான் இந்தச் சாறு குடிக்கிறேனே டாக்டர்! சோதனையெல்லாம் பண்ணியிருக்காங்க. எழுதினதே என் தம்பிதான்."

முகமெல்லாம் பெருமையாக என்னைக் காட்டினாள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அக்காவே இருந்திருக்க மாட்டாள். வராந்தாவுக்கு ஓடி மேனேஜரைப் போனில் பிடித்தேன்.

"சார், லேபிளை மாத்தியே ஆகணும். எங்க அக்கா மாத்திரையை விட்டுட்டு நம்ம சாறைக் குடிச்சு ஆஸ்பத்திரியில கிடக்குறாங்க."

மேனேஜர் உருகிப்போனார்.

"அடடா! எத்தனை நாளா குடிச்சாங்க?"

"ஒரு மாசமா, சார்."

"தினமுமா?"

"தினமும்தான்."

"அட, இதை முன்னாடியே சொல்லக்கூடாதா!"

லேபிளை மாற்றிவிட்டார்கள். நான் எழுத மறுத்ததால் மேனேஜரே எழுதினார். பழத்தின் படத்தைக்கூடச் சுருக்கி அந்தப் புது வரிக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்: 'மனிதரிடமும் சோதிக்கப்பட்டது.'

எங்கள் கம்பெனியின் நேர்மைக்கு வேறு சான்று தேவையில்லை. அதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. அந்த மனிதர் என் அக்கா. சோதனையில் அவளுக்கு என்ன ஆயிற்று என்றுதான், வாங்குகிறவர்கள் ஒருவரும் இதுவரை கேட்கவில்லை.