நான் காட்டிக்கொடுத்த சமையற்காரி

படம் பார்த்தவர்களைவிடப் பார்க்காதவர்கள்தான் படத்தைப் பற்றி விரிவாகப் பேசுவார்கள். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பார்க்காமல் பேசியவர்களில் கண்டி நகரத்திலேயே முதலிடம் எனக்குத்தான். பத்தொன்பது வயதில் இருபத்தேழு மர்மப் படங்களைப் பற்றி மூச்சுவிடாமல் பேசக்கூடியவளாக இருந்தேன். அவற்றில் நான் பார்த்தவை நான்கு. (நான்காவதில் பாதிக்கு மேல் தூங்கிவிட்டேன். மூன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

மீதியெல்லாம் பாட்டுப் புத்தகங்களிலிருந்து வந்தவை. அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் விற்பார்கள். பாடல்களுக்கு முன்னால் இரண்டு பக்கம் கதைச் சுருக்கம் இருக்கும். ஒருவர் செத்துப்போவார், பொலிஸ் வரும், நாலு பேர் மேல் சந்தேகம் விழும். சரியாக அந்த இடத்தில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடித்துவிடுவார்கள். இரும்புக் கடையில் வேலை பார்த்த எங்கள் அப்பாவுக்கு சினிமா என்ற சொல்லே ஆகாது. ஆகவே வெள்ளித்திரைக்குப் போகாமல் மீதியை நானே முடிவு செய்துகொள்வேன்.

இந்தத் திறமையைக் காட்ட எனக்கு ஒரு சபையும் இருந்தது. எழுபதுகளில், கண்டியில் ஒரு வாசிகசாலைக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் தையல் வகுப்பு நடக்கும். எட்டுப் பெண்கள், மூன்று மெஷின்கள். ராஜேஸ் டீச்சர்தான் கற்றுத் தருவார். யாழ்ப்பாணத்துக்காரர். பட்டன் துளை கோணலாக வந்தால் உலகமே கோணிவிட்டதுபோலப் பார்ப்பார். ஆனால் பதினொரு மணிக்குத் தேநீர் வந்ததும் ஆளே மாறிவிடுவார்.

“சரி பிள்ளையள், இண்டைக்கு ஆற்ற முறை?” என்று கேட்பார்.

வாரத்துக்கு ஒருத்தி தனக்கு மிகவும் பிடித்த மர்மப் படத்தின் கதையைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கொலையாளி யாரென்று ஊகிக்க வேண்டும். என் முறை வந்தால் தேநீர் ஆறிப்போகும். ‘சரசு பார்க்காத படமே இல்லை’ என்ற பெயர் எனக்கு வந்தது அப்படித்தான். அந்தப் பெயரை மறுக்கும் அளவுக்கு எனக்கு அப்போது நேர்மை வளர்ந்திருக்கவில்லை.

எட்டுப் பேரில் மிகவும் அமைதியானவர் புஷ்பம் அக்கா. தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருவார். முப்பது வயது இருக்கும், இரண்டு பிள்ளைகள். முன்பு துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்து, பிறகு கொழுந்து பறிக்கப் போனவர். அப்போது தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்; இவர் குடும்பமும் போக எழுதிக் கொடுத்திருந்தது. போகிற இடத்தில் பிழைக்க ஒரு தொழில் வேண்டும் என்று தையல் பழக வந்திருந்தார்.

அவருடைய முறை வந்த அன்று வெகுநேரம் தயங்கினார்.

“நான் டவுனுக்கு வந்து பாத்தது ஒரே ஒரு படந்தான் டீச்சர். அதுவும் பாதிதான்.”

“பாதியெண்டால் என்ன? சொல்லும்.”

சொன்னார். ஒரு பெரிய மலை பங்களா. முதலாளி இரவு பால் குடித்துவிட்டுப் படுக்கிறார், காலையில் எழவில்லை. பாலில் நஞ்சு. பாலைக் கொண்டுபோய்க் கொடுத்தது சமையற்காரி. பொலிஸ் அவளைப் பிடித்துக்கொண்டு போகிறது. அவள் ஜீப்பில் ஏறும்போது திரும்பி அடுப்படியைப் பார்க்கிறாள். இடைவேளை.

“அதோட நானும் வீட்டுக்காரரும் எந்திரிச்சுட்டோம். தெல்தோட்ட பஸ்ஸ விட்டா வேற கெடையாது. அஞ்சு வருசமாச்சு. அப்பப்ப நெனச்சுக்குவேன், அவளுக்கு என்ன ஆச்சோன்னு. அவ செஞ்சிருக்கமாட்டா டீச்சர். அவ மொகத்தப் பாத்தாலே தெரியும்.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “தங்கச்சி, நீ பாத்திருப்பியே. யாரு செஞ்சது?”

அந்தப் படத்தின் பாட்டுப் புத்தகம் என்னிடம் இருந்தது. அதிலும் கதை ஜீப்போடு நின்றுவிடும். ‘தெரியாது அக்கா’ என்பது இரண்டே சொல். டீச்சரும் ஏழு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியின் தம்பி, வக்கீல், டொக்டர், சமையற்காரி என்று நான்கு பேர் என் மனதில் வரிசையாக நின்றார்கள். எல்லோரும் சமையற்காரியை அப்பாவி என்று நினைக்கும்போது அவளே கொலைகாரி என்றால் எவ்வளவு அழகான திருப்பம் என்று தோன்றியது. (கதாசிரியராகும் ஆசை யாருக்கும் இப்படி வரக்கூடாது.)

“சமையற்காரிதான் அக்கா,” என்றேன். “கடைசியில் அவளே ஒத்துக்கொள்வாள்.”

புஷ்பம் அக்கா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். “அப்படியா,” என்றார். மற்றவர்களெல்லாம் ‘ஐயையோ, அவளா’ என்று வியந்ததில் எனக்கு அந்த ‘அப்படியா’ சரியாகக் கேட்கவில்லை.

இரண்டு மாதம் போனது. ஒரு சனிக்கிழமை, பாஸ்போர்ட் வந்துவிட்டது, பத்து நாளில் கோச்சி ஏறுகிறோம் என்றார் புஷ்பம் அக்கா. (கோச்சி என்றால் எங்கள் ஊரில் ரயில். அதில் போய்த்தான் கப்பல் ஏற வேண்டும்.) அதே வாரம் அந்தப் படம் கண்டிக்குத் திரும்ப வந்திருந்தது. சுவரொட்டியைப் பார்த்த நாளிலிருந்து அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டிருந்தேன். ராஜேஸ் டீச்சருக்கோ பெரிய மகிழ்ச்சி.

“வகுப்பு முடிய எல்லாரும் மெட்டினி ஷோவுக்குப் போவம். புஷ்பத்துக்கு எங்கட பிரிவுபசாரம்.”

தடுக்க என்னால் ஆனதையெல்லாம் செய்தேன். ரீல் பழசு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துபோகிறதாம் என்றேன். அந்தத் தியேட்டரில் மூட்டைப்பூச்சி என்றேன். ஒரு கதிரையின் மேல் கூரைத் தகடு விழுந்ததாகக்கூடச் சொன்னேன். எல்லோரும் கேட்டுக்கொண்டு, குடையும் கையுமாகக் கிளம்பிவிட்டார்கள். நான் வராமல் இருந்திருக்கலாம். வராவிட்டால் சந்தேகம் வருமே என்று நானும் போனேன். சில நாள் வகுப்பு மாலைவரை இருக்கும் என்று வீட்டில் எப்போதோ சொல்லிவைத்திருந்தேன். (பொய் சொல்வதில் முன்யோசனை மட்டும் எனக்கு எப்போதும் உண்டு.)

பழைய ரீல் அன்றைக்கு ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை. ஜீப் வந்தது. சமையற்காரி திரும்பிப் பார்த்தாள். விளக்குப் போட்டார்கள். புஷ்பம் அக்கா எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டார்.

“நான் வாறேன் டீச்சர். பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

“இருமன் புஷ்பம். முடிவைப் பார்த்திட்டு இண்டைக்கு என்ர வீட்டில நிண்டு காலமை போகலாம். பிள்ளையளை மனுசன் பார்ப்பார்தானே.”

“வேணாம் டீச்சர். மூட்ட கட்டுற வேலையெல்லாம் கெடக்கு. முடிவுதான் தங்கச்சி சொல்லிருச்சே.”

என் பயமெல்லாம் அவரைப் பற்றித்தான். மற்றவர்கள் சிரித்து மறந்துவிடுவார்கள். அந்த ‘அப்படியா’ காதில் கேட்க ஆரம்பித்திருந்தது. அவர் போனால் போதும் என்றிருந்தது எனக்கு.

“நான் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வருகிறேன் டீச்சர்,” என்று முந்திக்கொண்டேன்.

பஸ் நிலையம்வரை நடந்தோம். தூறல். அவருடைய பையில் வகுப்பில் தைத்த இரண்டு சட்டைகள் இருந்தன, பிள்ளைகளுக்குக் கோச்சியில் போட. பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

“தங்கச்சி, நெசமாவே அந்தச் சமையக்காரிதானா? இன்னிக்கும் பாத்தேன். அப்படித் தெரியலயே.”

இன்னும் நேரம் இருந்தது. கையைப் பிடித்து இழுத்து, ‘எனக்குத் தெரியாது அக்கா, வாங்க, போய்ப் பார்ப்போம்’ என்று சொல்லியிருக்கலாம். ராஜேஸ் டீச்சர் வீட்டில் பாயும் தலையணையும் தயாராக இருந்தன.

“ஆமாக்கா,” என்றேன். “அவதான்.”

தலையை ஆட்டிவிட்டு ஏறிவிட்டார். ஜன்னல் வழியாகக் கை காட்டினார். நானும் பெரிய வேலையை முடித்தவள்போலக் கை காட்டினேன்.

தியேட்டருக்குத் திரும்பி இருட்டில் தடவி உட்கார்ந்தபோது கடைசிக் காட்சிகள் ஓடிக்கொண்டிருந்தன. செய்தது டொக்டர். மருந்துப் பெட்டியிலிருந்து நஞ்சுப் போத்தலை எடுத்துப் பொலிஸ்காரர் மேசையில் வைத்ததும் எங்கள் வரிசையில் டீச்சருடையதோடு ஏழு தலைகள் ஒன்றன்பின் ஒன்றாக என் பக்கம் திரும்பின. திரையில் சமையற்காரியை விடுதலை செய்துகொண்டிருந்தார்கள். யாரும் அதைப் பார்க்கவில்லை.

ராஜேஸ் டீச்சர் மெதுவாகக் கேட்டார். “பிள்ளை, நீ பார்த்த படத்தில வேற முடிவோ?”

எல்லாவற்றையும் அங்கேயே சொல்லிவிட்டேன், பாட்டுப் புத்தகம் உட்பட. டீச்சர் திட்டவில்லை. வெளியே வந்து குடையை விரிக்கும்போது, “நாளைக்கு எனக்கு ஏலாது. அடுத்த ஞாயிறு, அவை கோச்சி ஏற முந்தி, நீயும் நானும் தெல்தோட்டைக்குப் போறம். நீயே உன்ர வாயால சொல்லு,” என்றார்.

போனோம். லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், புஷ்பம் அக்காவின் ஒற்றை அறைக் காம்பரா பூட்டியிருந்தது. பக்கத்துக் காம்பராவில் இருந்த அம்மா வெளியே வந்தார்.

“புஷ்பமா? வெள்ளிக்கெழமையே கோச்சி ஏறிட்டாங்களே. நீங்க என்னா விசயமா வந்தீங்க?”

ஒரு சினிமாவின் முடிவைச் சொல்ல வந்தோம் என்று எப்படிச் சொல்வது? டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அந்த அம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“அந்தப் படமா? அதப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருப்பா. பங்களாவுல வெள்ளிக் கரண்டி ஒன்னு காணாமப் போச்சு, இவதான் எடுத்தான்னு வேலையவிட்டு நிறுத்திட்டாங்க. மனசு ஆறட்டும்னுதான் அந்த வாரம் அவ புருசன் படத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு. ரெண்டு மாசம் கழிச்சு கரண்டி அலுமாரிக்குப் பின்னால கெடந்து கெடச்சிச்சு. ஆனா ஒருத்தரும் வந்து இவகிட்ட ஒரு வார்த்த சொல்லல. அந்தப் படத்துச் சமையக்காரியாவது தப்பிச்சா போதும்னு இருந்தா அவ.”



இந்தியாவில் எங்கே போகிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. கப்பலில் இறங்குகிறவர்களை முதலில் மண்டபம் என்ற ஊரில் உள்ள முகாமில் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டு, அந்த முகாமுக்கே ஒரு கடிதம் எழுதினேன். மூன்று மாதம் கழித்து அது ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. வழியில் யாரோ உறையைப் பிரித்திருந்தார்கள். வீட்டில் அதை வாங்கியவர் அப்பா.

நான் வேலை தேடி ஒரு கடைக்குப் போய்விட்டு வந்தபோது ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தார். கையில் என் கடிதம். அதில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘அன்புள்ள அக்கா, சமையற்காரி செய்யவில்லை. பாலில் நஞ்சு கலந்தது டொக்டர். பார்க்காமலே அவள்தான் என்று சொல்லிவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள். சரசு.’

அப்பா குரலைத் தாழ்த்திக் கேட்டார். “எந்த டொக்டர்?”

“எந்த டொக்டர்னா?”

“பயப்படாமச் சொல்லு. நம்ம டொக்டரா? பொலிசுக்கு நான் கூட வாறேன்.”

அடுப்படியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. எங்கள் குடும்ப டொக்டர் கொடுத்த இருமல் மருந்தை அம்மா முழுப் போத்தலாகக் கொட்டிக்கொண்டிருந்தார்.

நடந்ததையெல்லாம் சொன்னேன். அப்பா கேட்ட முதல் கேள்வி: “அப்ப நீ சினிமாவுக்குப் போனியா?” தையல் வகுப்பு அன்றோடு நின்றது. பட்டன் துளை எனக்கு இன்றைக்கும் கோணல்தான்.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து எது கெட்டாலும் டொக்டர்தான். பால் திரிந்தால் டொக்டர், மூக்குக் கண்ணாடி காணாமல் போனால் டொக்டர். என் மகளைப் பெண் பார்க்க வந்த பையன் என்ன செய்கிறார் என்று கேட்டு, ‘டொக்டர்’ என்று பதில் வந்ததும் எங்கள் பக்கத்து ஆட்கள் மொத்தமாகச் சிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் எழுந்துபோகாதது எங்கள் அதிர்ஷ்டம். அந்த மருமகனும் இப்போது எல்லோரோடும் சேர்ந்து, எனக்குப் பால் கொண்டுவந்து கொடுக்கும்போதெல்லாம், “மாமி, நான் ஒன்னும் கலக்கல,” என்கிறார். நானும் சிரித்துவிட்டு வாங்கிக் குடிப்பேன்.

பிறகும் இரண்டு கடிதம் போட்டேன். ஒன்று திரும்பி வந்தது, மற்றது என்ன ஆனதென்று தெரியாது. புஷ்பம் அக்காவுக்கு இப்போது எண்பது வயதாவது இருக்கும். எங்கே இருந்தாலும் அவரைப் பொறுத்தவரை நஞ்சு வைத்தது அந்தச் சமையற்காரிதான். அவள் செய்திருக்கமாட்டாள் என்று முகத்தைப் பார்த்தே சொன்ன ஒரே ஆள் அவர். அதை அவரே நம்பாதபடி செய்துவிட்டவள் நான்.